மேடையில் நடுக்கம், கடைசி வரிசையில் வியர்வை: மண்டபத்து ஏசிக் காற்றைப் பங்கிடுவது எப்படி?

கேள்வி: "எங்கள் மண்டபம் கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் வழியில் இருக்கிறது. நானூறு நாற்காலி போடலாம். குழாய் வழியாகக் காற்றை அனுப்பும் 16.5 டன் டக்டபிள் ஏசி இரண்டு வைத்திருக்கிறோம். மெஷின்கள் மேடைக்குப் பின்னால் உள்ள அறையில். அங்கிருந்து காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய், அதாவது டக்ட், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று வாசல்வரை ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் காற்றைக் கீழே பரப்பும் டிஃப்யூசர் ஆறு. முகூர்த்த நேரத்தில் மேடையில் மணப்பெண்ணுக்கு நடுக்கம் வருகிறது, கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் பத்திரிகையால் விசிறிக்கொள்கிறார்கள். ஏசிக்காரர் இன்னொரு 11 டன் மெஷின் போடச் சொல்கிறார். மேடைப் பக்க டிஃப்யூசர்களை மூடிவிட்டாலே போதும் என்கிறான் என் தம்பி. எது சரி? ஓசூரில் இருக்கும் எங்கள் உறவினர் மண்டபத்துக்கும் இதே கணக்குத்தானா?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் அண்ணா. புது மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், இருக்கிற 33 டன்னும் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். தம்பி சொல்கிறபடி சட்டென்று மூடுவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன், கீழே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் உடம்பிலிருந்து 100 வாட்டுக்குச் சற்று மேலே சூடு வெளியேறுகிறது. 400 பேர் என்றால் 40 கிலோவாட்டைத் தாண்டும். ஒரு டன் குளிர்ச்சி என்பது 3.5 கிலோவாட். ஆக, ஆட்களுக்கு மட்டுமே 12 டன் வேண்டும். மீதி 21 டன்னுக்குள் கூரை வெயில், விளக்குகள், வீடியோக்காரரின் லைட், கதவு வழியாக நுழையும் வெளிக்காற்று எல்லாம் அடங்கியாக வேண்டும். கூரை கான்கிரீட்டா ஷீட்டா, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இன்சுலேஷன் உண்டா என்பதைப் பொறுத்து இது தாராளமாகவும் இருக்கலாம், இழுபறியாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று. சோறு குறைவு என்றால் பந்தி முழுக்கக் குறையும். முதல் இலையில் குவிந்து கிடந்து கடைசி இலை காலியாக இருந்தால், கேட்க வேண்டியது சமைத்தவரை அல்ல, பரிமாறினவரைத்தான். உங்கள் மண்டபத்தில் ஒரு பக்கம் நடுங்குகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய துப்பு.

உங்கள் பக்கத்தில் இதைப் புரியவைப்பது சுலபம். கிருஷ்ணகிரி அணை என்கிற கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது தலைமடைக்காரர் மடையை முழுக்கத் திறந்து வைத்திருந்தால் அவர் வயல் வரப்பைத் தாண்டி வழியும். கடைமடைக்காரர் மண்வெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். டக்டிலும் அதுதான் நடக்கிறது. மெஷினை ஒட்டிய இடத்தில் காற்றின் அழுத்தம் அதிகம். போகப் போகத் தகரத்தில் உரசியும் வளைவுகளில் மோதியும் அது குறைந்துகொண்டே வரும். முதல் டிஃப்யூசரில் இறங்குவது காற்றுக்குச் சுலபம் என்பதால் அங்கேயே கொட்டிவிடுகிறது. கடைசி டிஃப்யூசருக்கு மிச்சம்தான்.

ஆனால் வாய்க்கால் உவமையை முழுக்க நம்பிவிடாதீர்கள். டக்டின் அளவைப் படிப்படியாகக் குறைக்காமல் கடைசிவரை ஒரே அகலத்தில் ஓட்டியிருந்தால் கதை தலைகீழாகவும் ஆகும். ஒவ்வொரு டிஃப்யூசரிலும் கொஞ்சம் காற்று இறங்க இறங்க, உள்ளே போகும் காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் பக்கவாட்டில் தள்ளும் அழுத்தம் கூடும். முதல் துளையை விருட்டென்று தாண்டிப்போன காற்று கடைசித் தகரத்தில் முட்டி அங்கே கொட்டும். ஒரு கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே இருந்த முதல் கிரில்லில் காகிதத்தைப் பிடித்தால் அது உள்ளே இழுத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காற்று வருவதற்குப் பதில் உள்ளே போகிறது! அதனால்தான் "கடைசி என்றால் குறைவுதான்" என்று ஊகம் செய்யாமல் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

அளப்பதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. பாதி மண்டபங்களில் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

மண்டபத்துக் காற்று மெஷினுக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் கிரில் உங்களிடம் எங்கே இருக்கிறது? மெஷின் அறை மேடைக்குப் பின்னால் என்றால் அநேகமாக மேடையின் பின்சுவரில்தான் இருக்கும். அந்தச் சுவர் முழுக்க டெக்கரேஷன்காரர் துணி கட்டி, தெர்மோகோல் வைத்து, பூச்சரம் தொங்கவிட்டிருப்பாரே? ஒரு மெஷினுக்கு நிமிடத்துக்கு 6,600 கனஅடி காற்று திரும்பி வர வேண்டும். நிமிடத்துக்கு 400, 450 அடி வேகத்தில் அது உள்ளே போக 15 சதுர அடித் திறப்பு வேண்டும், அதாவது 5 அடிக்கு 3 அடி. அதன் மேல் சாட்டின் துணியைக் கட்டினால் மெஷின் மூச்சுத் திணறும். டெக்கரேஷன் இல்லாத நாளில் ஏசிக்காரர் வந்து பார்த்து "எல்லாம் நன்றாக ஓடுகிறது" என்று சொல்லிவிட்டுப் போவதற்கும், முகூர்த்தத்தன்று நீங்கள் திட்டு வாங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். துணிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு அடி இடைவெளி விட்டு, இரண்டு ஓரத்தையும் மேல்பக்கத்தையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். புக்கிங் படிவத்திலேயே இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்தது ஃபில்டர். கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் கழுவிவிட்டுத்தான் மற்றதெல்லாம். சீசன் நேரத்தில் ஹோமப் புகை, சாம்பிராணி, கார்பெட் தூசி எல்லாம் அதில்தான் போய் ஒட்டுகிறது. பெல்ட் வைத்த ஃபேன் என்றால் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஃபால்ஸ் சீலிங்கில் உள்ள திறப்பு வழியாக, ஏசி ஓடும்போது, தலையை மேலே நீட்டுங்கள். அங்கே அடுப்படி போலப் புழுங்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் டக்ட் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று பல்லிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. டக்டிலிருந்து டிஃப்யூசருக்குப் பிரியும் கழுத்துத் துண்டான காலர் டக்டோடு சேரும் இடம், டக்ட் துண்டுகளைச் சேர்த்த ஃபிளாஞ்ச், கேன்வாஸ் இணைப்பு ஆகிய இடங்களில் ஊதுவத்தியைக் காட்டினால் புகை சிதறுவது தெரியும். புகை டிடெக்டர் இருந்தால் அதற்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். டிஃப்யூசருக்கு ஃப்ளெக்சிபிள் டக்ட் போட்டிருந்தால் அதையும் கையால் தடவிப் பாருங்கள். எலக்ட்ரீஷியன் மிதித்து நசுங்கியிருக்கும், அல்லது தேவைக்கு மேல் நீளமாக விட்டு மலைப்பாம்பு போல வளைந்து கிடக்கும். அதை நேராக்கி, ஐந்தாறு அடிக்குள் வெட்டிச் சுருக்குவதிலேயே கடைமடைக்கு நல்ல காற்று கூடும். ஒழுகலை அடைக்காமல் டேம்பரை, அதாவது டக்டில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மடைத் தகட்டை, திருக ஆரம்பித்தால் அத்தனையும் வீண் வேலை. அடைத்த அன்றே எல்லா அளவும் மாறிவிடும்.

சரி, அளவுக்கு வருவோம். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கனஅடி, எங்கள் பேச்சில் 400 சிஎஃப்எம், என்பது பொதுவான கணக்கு. 16.5 டன்னுக்கு 6,600. ஆறு டிஃப்யூசரும் ஒரே அளவு இடத்துக்குக் காற்று தருகின்றன என்றால் ஒவ்வொன்றுக்கும் 1,100. இந்தப் பங்கைச் சமமாகத்தான் வைக்க வேண்டும் என்று இல்லை. மேடையில் லைட் சூடு அதிகம், வாசல் பக்கம் கதவு திறந்து மூடுகிறது என்று யோசித்து நீங்களே கூட்டிக் குறைக்கலாம். ஆனால் பங்கு எவ்வளவு என்று முதலில் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் ஏணியில் ஏறினால் கைக்குப் பட்ட மாதிரி திருகிவிட்டு இறங்குவோம்.

அளப்பதற்கென்றே டிஃப்யூசர் மேல் கவிழ்த்துவைக்கும் துணிக்கூடாரம் போன்ற கருவி உண்டு, விலை அதிகம். காற்றளவு பார்க்கிறவர்கள் அதோடு வருவார்கள். நீங்களே முதல் நோட்டம் பார்க்க வேண்டும் என்றால், காற்றின் வேகத்தைக் காட்டும், சின்ன விசிறி வைத்த அனிமோமீட்டர் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். அதை நேராக டிஃப்யூசர் முகத்தில் பிடித்தால் சரியாக வராது, ஏனென்றால் நான்கு பக்க டிஃப்யூசரில் காற்று நேரே கீழே வராமல் கூரையை ஒட்டிப் பக்கவாட்டில் போகிறது. அதனால் தெர்மோகோல் தகடாலோ கனமான அட்டையாலோ ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். மேல் வாய் டிஃப்யூசரை முழுக்க மூட வேண்டும், கீழ் வாய் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அதன் பரப்பு 2.25 சதுர அடி. ஒருவர் பெட்டியை இடுக்கில்லாமல் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கீழ் வாயில் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது இடத்தில் வேகத்தைப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். கருவி நொடிக்கு இத்தனை மீட்டர் என்று காட்டினால், அதை 197ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு இத்தனை அடி என்று வரும். அதை 2.25ஆல் பெருக்கினால் சிஎஃப்எம். பெட்டி கொஞ்சம் காற்றைத் தடுக்கும், அதனால் உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். பரவாயில்லை. எல்லா டிஃப்யூசரிலும் அதே பெட்டி, அதே ஆள், அதே முறை என்றால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் சரியாகவே வரும். நமக்கு வேண்டியது அந்த விகிதம்தான்.

அளக்கும்போது எல்லா டேம்பரும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். கதவுகள் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். மண்டபம் காலியாக இருக்கலாம். காற்றின் அளவு ஆட்களைப் பார்த்து மாறாது, வெப்பநிலைதான் மாறும். பலர் கையில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு டேம்பரைத் திருகுகிறார்கள். காலி மண்டபத்து வெப்பநிலையை நம்பிச் செய்த வேலை நானூறு பேர் வந்து உட்கார்ந்ததும் ஒன்றுக்கும் உதவாது.

ஒரு எடுத்துக்காட்டு. உங்கள் இடது டக்டில் மேடையிலிருந்து வாசல்வரை இப்படி வருகிறது என்று வையுங்கள்: 1,540, 1,375, 1,155, 880, 715, 605. கூட்டினால் 6,270. வேண்டியது 6,600. அதாவது மெஷின் 95 சதவீதம் காற்றைத் தந்துகொண்டுதான் இருக்கிறது. பங்கில்தான் கோளாறு. முதல் டிஃப்யூசரில் 140 சதவீதம், கடைசியில் 55. இந்த நிலையில் மூன்றாவது மெஷின் வாங்கினால் மேடையில் இன்னும் கொஞ்சம் நடுங்குவார்கள், அவ்வளவுதான்.

இப்போது மடையைத் திருத்துவது. எல்லோரும் இயல்பாகச் செய்வது, ஏணியை மேடைப் பக்கம் போட்டு முதல் டேம்பரில் ஆரம்பிப்பது. முதலாவதை 100க்குக் குறைத்துவிட்டு இரண்டாவதுக்குப் போவார்கள். அதைக் குறைத்ததும் அந்தக் காற்று மற்ற எல்லாவற்றிலும் கூடும், முதலாவதிலும் கூடும். திரும்ப முதலாவதுக்கு ஏணி. மாலைவரை இப்படியே ஏறி இறங்கிக் கடைசியில் "ஓரளவு சரி" என்று முடிப்பார்கள்.

கடைமடையில் ஆரம்பியுங்கள். எதில் சதவீதம் மிகக் குறைவோ அதன் டேம்பரைத் தொடவே கூடாது. வேலை முடியும்வரை முழுக்கத் திறந்தே இருக்கட்டும். நம் கணக்கில் அது ஆறாவது. ஐந்தாவது டேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். ஐந்து இறங்க, ஆறு ஏறும். இரண்டும் ஒரே சதவீதத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள், 60க்குப் பக்கத்தில் வரும். 100 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அடுத்து நான்காவதை மூடி, அதன் சதவீதமும் ஆறாவதின் சதவீதமும் ஒன்றாகும்வரை திருத்துங்கள். இங்கேதான் இந்த முறையின் அழகு. நான்காவதில் என்ன செய்தாலும் அதற்குப் பிறகு இருக்கும் ஐந்தும் ஆறும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அவற்றுக்குள் செய்த பங்கு கலையாது. அதனால் ஐந்தாவதுக்குத் திரும்ப ஏணி போட வேண்டாம். ஆறாவதில் ஒருவர் பெட்டியைப் பிடித்து நிற்க, இன்னொருவர் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று மெஷினை நோக்கி வந்துகொண்டே இருந்தால் போதும். முதலாவது முடியும்போது ஆறு டிஃப்யூசர்களும் ஏறத்தாழ 90 சதவீதத்தில் நிற்கும். முதலில் மொத்தம் 95 இருந்ததே என்றால், டேம்பர்களை மூடியதால் டக்டின் எதிர்ப்பு கூடி, ஃபேன் கொஞ்சம் குறைவாகத் தள்ளுகிறது.

டேம்பரில் ஒரு குணம் உண்டு, கவனியுங்கள். முழுத் திறப்பிலிருந்து மூடத் தொடங்கும்போது முதல் மூன்றில் ஒரு பங்குத் திருப்பலில் பெரிய மாற்றமே தெரியாது. கடைசிப் பகுதியில் நூலளவு திருப்பினாலே காற்று பொசுக்கென்று போய்விடும். கைப்பிடி பாதியில் நிற்கிறது என்பதற்காகக் காற்று பாதி என்று நினைக்காதீர்கள்.

90 சதவீதம் போதுமா என்றால், என் கருத்து போதும். வடிவமைப்பு அளவிலிருந்து 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது இந்தத் தொழிலில் பரவலாக ஏற்றுக்கொண்ட வரம்பு. அந்தப் பத்தையும் பிடித்தே தீர வேண்டும் என்று ஃபேன் புல்லியை மாற்றினால் செலவு எங்கே போகிறது பாருங்கள்: காற்று 11 சதவீதம் கூட ஃபேன் வேகமும் 11 சதவீதம் கூட வேண்டும், ஆனால் மோட்டார் இழுக்கும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும், அதாவது 37 சதவீதம். மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியரைத் தாண்டிவிட்டால் முகூர்த்தத்தன்று ட்ரிப் ஆகி நிற்கும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றியதும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்துவிடுங்கள்.

இனி, நான் மாட்டிக்கொண்ட கதை. வேலைக்குப் புதிதாக வந்த காலம். தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையின் முதல் மாடியில், பில் போடும் பெண்கள் குளிர் தாங்கவில்லை என்று சொன்னார்கள். பத்து டிஃப்யூசரில் அந்தப் பக்கத்து நான்கை முழுக்க மூடினேன், இரண்டைப் பாதி மூடினேன். "நல்லா இருக்கு தம்பி" என்றார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் காலை ஃபோன்: சீலிங்கிலிருந்து பட்டுச்சேலை ரேக்கின் மேல் தண்ணீர் கொட்டுகிறது. நடந்தது இது. காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான காயில் வழியாகப் போகும் காற்று பாதியாகக் குறைந்ததால் காயில் பூச்சியத்துக்குக் கீழே போய், அதன் மேல் படிந்த ஈரம் பனிக்கட்டியானது. பனி காற்றை இன்னும் அடைக்க, இன்னும் பனி. இரவு கடை மூடி மெஷினை நிறுத்தியதும் மொத்தமும் உருகி, ட்ரேயைத் தாண்டி வழிந்துவிட்டது. நனைந்த சேலைகளுக்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள், நியாயம்தான். நேரடியாக கேஸ் காயிலுக்கு வரும் உங்கள் டக்டபிள் மாதிரி மெஷின்களில் ஒரு டன்னுக்கு 350 சிஎஃப்எம்முக்குக் கீழே நான் இப்போது இறக்குவதில்லை. மேலே சொன்ன 90 சதவீதம் என்பது டன்னுக்கு 360, அதற்குள் அடங்கிவிடும். தம்பி சொன்னபடி மேடைப் பக்க டிஃப்யூசர்களை மூடியிருந்தால் அடங்காது.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏணி போட்டு மேலே பார்த்தால் உங்கள் டக்டில் டேம்பரே இல்லாமல் போகலாம். நம் பக்கத்தில் போட்ட பழைய வேலைகளில் டக்டில் ஓட்டை போட்டு, காலர் வைத்து, டிஃப்யூசரை மாட்டிவிட்டுப் போனவை நிறைய. சில இடங்களில் டிஃப்யூசர் கழுத்திலேயே இதழ் இதழாக மூடும் டேம்பர் இருக்கும்; நடுப்பகுதியைக் கழற்றினால் ஸ்க்ரூ டிரைவரால் திருகலாம். ஆனால் அதைப் பாதிக்கு மேல் மூடினால் உஸ்ஸென்று சத்தம் வரும், தாலி கட்டும் நேரத்தில் வீடியோவில் பதிவாகும் அளவுக்கு. அதனால் டக்டிலிருந்து காலர் பிரியும் இடத்தில், டிஃப்யூசருக்கு நாலைந்து அடி முன்னாலேயே டேம்பர் இருப்பது நல்லது. இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். பன்னிரண்டு டேம்பருக்கும் ஆகும் செலவு மூன்றாவது மெஷினின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. ஒவ்வொன்றுக்கும் கீழே சீலிங்கில் கை போகும் திறப்பும் வேண்டும். சரிசெய்து முடித்ததும் கைப்பிடி நிற்கும் இடத்தைப் பெயின்ட் மார்க்கரால் குறித்து, நட்டை இறுக்கிவிடுங்கள். குறி இல்லாவிட்டால் அடுத்த சர்வீஸுக்கு வருகிறவர் "ஏன் பாதி மூடியிருக்கிறது" என்று நல்ல மனதோடு முழுக்கத் திறந்துவிட்டுப் போவார்.

பங்கு சரியான பிறகும் கடைசி வரிசை வியர்த்தால் என் சந்தேகம் சமையற்கட்டின் மேல்தான். டைனிங் ஹாலுக்குப் போகும் கதவு எந்தப் பக்கம்? பந்தி ஓடும்போது அந்தக் கதவு திறந்தே இருக்கும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்கள் இழுக்கும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று வர அங்கே தனி வழி இல்லையென்றால், அவை டைனிங் ஹால் வழியாக உங்கள் மண்டபத்துக் குளிர்ந்த காற்றை இழுக்கும். போன காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எங்கிருந்து? வாசலிலிருந்து. சித்திரை வெயிலில் காய்ந்த வாகன நிறுத்தத்துக் காற்று நேராகக் கடைசி வரிசையின் முதுகில் அடிக்கும். முகூர்த்தத்தன்று வாசற்கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிடுங்கள். அது உள்பக்கமாகச் சாய்ந்து நின்றால் மண்டபம் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். கதவைத் தள்ளவோ இழுக்கவோ கூடுதல் பலம் வேண்டியிருந்தாலும் அதே கதைதான். வெறும் 25 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் இருந்தாலே 7 அடிக்கு 3 அடிக் கதவின் மேல் மொத்தம் 5 கிலோ எடை சாய்ந்த மாதிரி இருக்கும். இதற்கு மருந்து டேம்பரில் இல்லை. சமையற்கட்டுக்கு வெளிச்சுவரில் காற்று வர ஜன்னலோ ஃபேனோ வையுங்கள். டைனிங் கதவுக்குத் தானாக மூடிக்கொள்ளும் ஸ்ப்ரிங் போடுங்கள். அதற்காக எக்ஸாஸ்டையே நிறுத்திவிட வேண்டாம். அப்புறம் சாம்பார் தாளிப்பு வாசனை மேடைக்கு வந்து நிற்கும், சமையல்காரரும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்.

மேடையைப் பற்றி ஒரு சின்ன விஷயம். ஹோம குண்டம் வைக்கும் இடத்துக்கு நேர் மேலே டிஃப்யூசர் இருந்தால் காற்றளவு சரியாக இருந்தாலும் புகை சுழன்று ஐயர் கண்ணிலும் மாப்பிள்ளை கண்ணிலும் அடிக்கும். அந்த ஒன்றை மட்டும், காற்று நான்கு பக்கம் போகாமல் மண்டபத்தை நோக்கி ஒரே பக்கம் போகிற மாதிரி மாற்றிவிடலாம். அளவைக் குறைக்கத் தேவையில்லை, திசையைத்தான் மாற்ற வேண்டும். மணப்பெண்ணின் நடுக்கத்தில் பாதிக்கு அளவைவிடத் திசைதான் காரணமாக இருக்கும்.

ஓசூரில் இருக்கும் உங்கள் உறவினர் மண்டபத்துக்கும் இதே கணக்கா என்று கேட்டிருந்தீர்கள். முறை இதேதான், எண்ணில் ஒரு திருத்தம் உண்டு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்று கடற்கரையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் லேசு. ஃபேன் தள்ளும் கனஅடி மாறாது, ஆனால் அந்தக் கனஅடி சுமக்கும் குளிர்ச்சி பத்தில் ஒரு பங்கு குறையும். அதனால் அங்கே டன்னுக்கு 400க்குச் சற்று மேலே வைப்பதுதான் என் பழக்கம். கிருஷ்ணகிரி, தர்மபுரி நகரங்கள் சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே குறைவு 6 சதவீதம் போலத்தான். மண்டபத்துக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓசூரில் மார்கழி, தை மாதக் குளிருக்காக அதே மெஷினைச் சூடாக ஓட்டுகிற இடங்களும் உண்டு. சூடான காற்று கீழே இறங்காமல் கூரையிலேயே தங்கும் என்பதால் கோடைக்கு வைத்த பங்கு அப்போது பொருந்தாது. டேம்பரில் கோடைக்கு ஒரு குறி, குளிர்காலத்துக்கு வேறு நிறத்தில் இன்னொரு குறி போட்டுக்கொள்வார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் சேர்த்து இரண்டு நாள் வேலை. ஒழுகல் அதிகம் என்றால் நான்கு நாள் ஆகும். ஆடியில் மண்டபம் காலியாகத்தான் இருக்கும், அப்போது வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆவணியில் முதல் பெரிய முகூர்த்தத்தன்று, மண்டபம் நிறைந்திருக்கும்போது, ரிட்டர்ன் கிரில்லுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையையும் மெஷினை ஒட்டிய முதல் டிஃப்யூசரில் வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டுக்கும் 10, 11 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்து, அப்படியும் ரிட்டர்ன் 27க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மெஷின்கள் முழு மூச்சாக உழைத்தும் பற்றவில்லை. அப்போது அந்த 11 டன் கொட்டேஷனை எடுத்துப் பேசலாம். வித்தியாசம் ஆறேழு டிகிரிதான் என்றால் கேஸ் குறைவோ கம்ப்ரஸர் கோளாறோ இருக்கும், அதை ஏசிக்காரர் தன் செலவில் பார்த்துத்தர வேண்டியிருக்கலாம், வாரண்டி தாளைத் தேடி எடுத்து வையுங்கள். 14, 15 டிகிரி காட்டினால் மறுபடி டெக்கரேஷன் துணியை விலக்கிப் பாருங்கள், காற்று எங்கோ அடைபட்டிருக்கிறது.